6 ரொட்டி, 10 பேர்... சண்டை வராமல் பிரிப்பது எப்படி? பழங்கால எகிப்தியர்களின் பின்னக் கணக்கு!

உங்கள் முன்னால் 6 ரொட்டிகள் இருக்கின்றன. எதிரே 10 பேர் பசியோடு வரிசையில் நிற்கிறார்கள். எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எப்படி வெட்டுவீர்கள்?

பள்ளியில் படித்த கணக்கு உடனே நினைவுக்கு வரும். 6-ஐ 10-ஆல் வகுத்தால் 6/10. சுருக்கினால் 3/5. ஆளுக்கு ஐந்தில் மூன்று பங்கு. பேப்பரில் கணக்கு முடிந்துவிட்டது. இப்போது கத்தியை எடுங்கள்.

ஒவ்வொரு ரொட்டியிலும் ஐந்தில் மூன்று பங்கை வெட்டி எடுத்தால், முதல் 6 பேருக்கு ஆளுக்கு ஒரு பெரிய துண்டு கிடைத்துவிடும். மீதி 4 பேருக்கு? கையில் மிச்சமிருப்பது 6 சின்னத் துண்டுகள். ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, மிஞ்சிய இரண்டையும் பாதி பாதியாக வெட்டிக் கொடுக்க வேண்டும். அளவு சரிதான். ஆனால் ஒருவர் கையில் ஒரே பெரிய துண்டு. பக்கத்தில் நிற்பவர் கையில் இரண்டு துண்டுகள். "அவருக்கு மட்டும் பெருசா கொடுத்திருக்கீங்களே?" என்று ஒரு குரல் கேட்டால், பின்னக் கணக்கைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா?

இதே கேள்விக்கு, 3,500 ஆண்டுகளுக்கும் முன்பு எகிப்தில் எழுதப்பட்ட விடை இது: அரை, கூடவே பத்தில் ஒன்று. அதாவது 1/2 + 1/10.

5 ரொட்டிகளைச் சரிபாதியாக வெட்டுங்கள். 10 அரைத் துண்டுகள் கிடைக்கும். ஆறாவது ரொட்டியைப் பத்தாக வெட்டுங்கள். எல்லோருக்கும் ஓர் அரைத் துண்டு, ஒரு சின்னத் துண்டு. அளவும் சமம், துண்டுகளும் சமம். படிக்கத் தெரியாதவரும் கண்ணால் பார்த்தே 'சரிதான்' என்று சொல்லிவிடலாம்.

எகிப்தியர்கள் எல்லாப் பின்னங்களையும் இப்படித்தான் எழுதினார்கள். ஏன் அப்படி? அதை வைத்து எப்படிக் கணக்குப் போட்டார்கள்?

மேலே எப்போதும் ஒன்றுதான்!

3/5, 7/10 என்று நாம் எழுதும்போது கோட்டுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண் வரும். எகிப்தியர்களின் எழுத்தில் மேலே வரும் எண்ணுக்கு இடமே இல்லை. அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என 'ஒன்று' மட்டுமே வரும் பின்னங்களைத்தான் எழுதினார்கள்.

எழுதும் முறையும் எளிது. சித்திர எழுத்தில் வாயைக் குறிக்கும் முட்டை வடிவக் குறி ஒன்று உண்டு. அதைப் போட்டு, அதன் கீழே 5 என்று எழுதினால் ஐந்தில் ஒன்று. 12 என்று எழுதினால் பன்னிரண்டில் ஒன்று. பாப்பிரஸ் தாளில் வேகமாக எழுதும்போது, அந்த வாய் வெறும் புள்ளியாகச் சுருங்கிவிடும்.

இதில் முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. அது 2/3. மூன்றில் இரண்டு பங்குக்குத் தனிக் குறி வைத்திருந்தார்கள். அதை மிக அதிகமாகப் பயன்படுத்தவும் செய்தார்கள்.

மற்ற பின்னங்களை எல்லாம் துண்டுகளின் கூட்டலாகவே எழுத வேண்டும். 3/4 என்றால் 1/2 + 1/4. இதில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரே துண்டை இரண்டு முறை எழுதக் கூடாது. 2/5 என்பதை 1/5 + 1/5 என்று எழுதினால் அது விடையே அல்ல. 1/3 + 1/15 என்று எழுத வேண்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம்? எகிப்திய மொழி அறிஞர் ஆலன் கார்டினர் ஒரு விளக்கம் தருகிறார். அவர்கள் எழுதியது 'ஐந்தாம் பங்கு' என்ற பொருளில். ஒரு பொருளை ஐந்து பங்காக்கி வரிசையாக வைத்தால், ஐந்தாவதாக வருவது ஒன்றே ஒன்றுதானே? வரிசையில் இரண்டு 'ஐந்தாவது ஆள்' இருக்க முடியாதது போல, இரண்டு 'ஐந்தாம் பங்கு' இருக்க முடியாது. அவர்களுக்குப் பின்னம் என்பது ஒரு பங்கின் பெயர்.

லக்சர் கடைத்தெருவில் கிடைத்த கணக்குப் புத்தகம்

இதெல்லாம் நமக்குத் தெரியவருவதற்கு முக்கியக் காரணம், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹென்றி ரைண்ட். சட்டம் படித்த இவர், உடல்நலம் தேறுவதற்காக எகிப்தின் வெயிலைத் தேடிப் போனவர். பழம்பொருள்கள் மீது அவருக்கு முன்பே ஆர்வம் உண்டு. 1858-ல் லக்சர் நகரில் ஒரு பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். 1863-ல், 30 வயதைத் தொடும் முன்பே ரைண்ட் இறந்துபோனார். 1865-ல் அந்தச் சுருள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று அதன் பெயர் 'ரைண்ட் கணிதப் பாப்பிரஸ்'.

அதை எழுதியவர் தன் பெயரையும் அதிலேயே குறித்து வைத்திருக்கிறார். அவர் பெயர் அஹ்மோஸ். தொழில், எழுத்தர். கி.மு. 1550 வாக்கில், ஹிக்சோஸ் மன்னர் அபோபிஸின் 33-ம் ஆட்சியாண்டில் எழுதியிருக்கிறார். 'இது என் சொந்தச் சரக்கு' என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்றாம் அமெனெம்ஹெட் மன்னர் காலத்துப் பழைய ஏட்டைப் பார்த்து நகல் எடுத்ததாக வெளிப்படையாகச் சொல்கிறார். அந்த மன்னரின் காலம் கி.மு. 19-ம் நூற்றாண்டு.

80-க்கும் மேற்பட்ட கணக்குகள் கொண்ட இந்தச் சுருளில், முதல் ஆறு கணக்குகளும் ரொட்டிக் கணக்குகளே. 1, 2, 6, 7, 8, 9 ரொட்டிகளை 10 பேருக்குப் பிரித்துக் கொடு! மேலே பார்த்த 6 ரொட்டிக் கணக்கு, இந்த வரிசையில் மூன்றாவது.

இரட்டிப்பாக்கு, பாதியாக்கு... அவ்வளவுதான்

எகிப்திய எழுத்தர்கள் நம்மைப் போலப் பெருக்கல் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யவில்லை. அவர்களுக்கு முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. ஓர் எண்ணை இரட்டிப்பாக்குவது, பாதியாக்குவது. இதை வைத்தே பெரும்பாலான கணக்குகளைப் போட்டுவிடுவார்கள்.

அஹ்மோஸின் 24-வது கணக்கைப் பார்ப்போம். 'ஓர் அளவு. அதோடு அதில் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19 வருகிறது. அந்த அளவு என்ன?'

நாம் என்றால் 'x என்க' என்று ஆரம்பிப்போம். அஹ்மோஸ் ஓர் எண்ணை ஊகிக்கிறார். விடை 7 என்று வைத்துக்கொள். 7-ல் ஏழில் ஒன்று 1. கூட்டினால் 8. ஆனால் நமக்கு வேண்டியது 19. அப்படியானால், 8-ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வரும்?

8-ன் இரட்டிப்பு 16. 8-ல் பாதி 4. கால் 2. அரைக்கால் 1. இந்த எண்களில் 19-க்கு எவை தேவை? 16, 2, 1. இவற்றுக்கு நேரான மடங்குகள் 2, 1/4, 1/8. ஆகவே மடங்கு 2 + 1/4 + 1/8. இதை 7-ஆல் பெருக்க வேண்டும். 7 என்பது 1 + 2 + 4 என்பதால், இரண்டு தடவை இரட்டிப்பாக்கி எல்லாவற்றையும் கூட்டினால் போதும். விடை 16 + 1/2 + 1/8. சந்தேகம் இருந்தால் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 16.625-ம் அதில் ஏழில் ஒரு பங்கான 2.375-ம் சேர்ந்தால் சரியாக 19.

இந்த முறையில் ஒரே ஒரு சிக்கல்தான். கால் பங்கை இரட்டிப்பாக்கினால் அரை. அது சுலபம். ஐந்தில் ஒன்றை இரட்டிப்பாக்கினால்? ஏழில் ஒன்றை? பதின்மூன்றில் ஒன்றை? 2/5, 2/7, 2/13 என்று எழுதத்தான் முடியாதே!

இதற்காகவே சுருளின் தொடக்கத்தில் ஒரு நீண்ட வாய்ப்பாடு இருக்கிறது. 3-ல் தொடங்கி 101 வரையுள்ள ஒற்றைப்படை எண்களுக்கு, '2 பங்கு' என்பதை எப்படித் துண்டுகளாக எழுதுவது என்ற பட்டியல் அது. அதிலிருந்து சில:

2/5 = 1/3 + 1/15
2/7 = 1/4 + 1/28
2/13 = 1/8 + 1/52 + 1/104
2/101 = 1/101 + 1/202 + 1/303 + 1/606

ஒரு பின்னத்தைத் துண்டுகளாக்க ஏராளமான வழிகள் உண்டு. அவற்றில் இவற்றை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கணித வரலாற்று ஆய்வாளர்கள் பலரின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. 1960-களில் ஆஸ்திரேலியாவில் இதைக் கம்ப்யூட்டரிடமே கொடுத்துப் பார்த்தார்கள். அது 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழிகளை அடுக்கியது. அவற்றை ஒப்பிட்ட கணித வரலாற்றாளர் ரிச்சர்ட் கில்லிங்ஸ், எழுத்தர்கள் கண்மூடித்தனமாகத் தேர்வு செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்தார். துண்டுகளின் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும், கீழே வரும் எண் ரொம்பப் பெரிதாகிவிடக் கூடாது, இரட்டைப்படை எண்ணாக இருந்தால் நல்லது என்று அவர்களுக்கென்று சில விருப்பங்கள் இருந்தன. இரட்டைப்படை ஏன்? அடுத்த முறை இரட்டிப்பாக்கும்போது வாய்ப்பாட்டைத் தேட வேண்டியதில்லை. அப்படியே பாதியாக்கிவிடலாம்!

ரொட்டிதான் சம்பளம்

'ரொட்டிக்குப் போய் இத்தனை கணக்கா?' என்று தோன்றலாம். அந்தக் காலத்து எகிப்தில் நாணயம் கிடையாது. ரொட்டி, பீர், தானியம் ஆகியவைதான் கூலி. ரொட்டிக் கணக்கு தப்பினால் ஒருவருடைய சம்பளம் தப்பியது என்று அர்த்தம்.

அஹ்மோஸின் 65-வது கணக்கு இதை அப்படியே காட்டுகிறது. 100 ரொட்டிகள், 10 பேர். இதில் படகோட்டி, மேற்பார்வையாளர், வாயிற்காப்பாளர் ஆகிய மூவருக்கு மட்டும் இரட்டைப் பங்கு. ஆளுக்கு எவ்வளவு?

அஹ்மோஸின் வழி அழகானது. இரட்டைப் பங்கு வாங்கும் 3 பேரையும் இரண்டு இரண்டு ஆட்களாக எண்ணிக்கொள்கிறார். 10 பேர் 13 பேர் ஆகிவிடுகிறார்கள். 100-ஐ 13-ஆல் வகுக்க வேண்டும். சாதாரணத் தொழிலாளிக்கு 7 + 2/3 + 1/39 ரொட்டி. அந்த மூவருக்கு ஆளுக்கு 15 + 1/3 + 1/26 + 1/78 ரொட்டி.

ஒரு ரொட்டியில் 39-ல் ஒரு பங்கு என்பது உதிர்ந்து விழும் தூள் அளவுதான். அதை யாரும் கத்தி வைத்து வெட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் கணக்கில் அது இருந்தாக வேண்டும். கொடுத்ததை எல்லாம் கூட்டினால் சரியாக 100 வர வேண்டும். இடையில் ஒரு துளி காணாமல் போனாலும் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

கூலி வராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் ஆவணம் இருக்கிறது. அஹ்மோஸுக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்குப் பிறகு, மூன்றாம் ராம்செஸ் மன்னரின் 29-ம் ஆட்சியாண்டு. டெய்ர் எல் மதீனா என்ற ஊரில் குடியிருந்த தொழிலாளர்கள், அரசர்களுக்கு மலையைக் குடைந்து கல்லறை அமைப்பவர்கள். அங்கே ஒரு சாதாரணத் தொழிலாளியின் மாதக் கூலி 4 மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. மேற்பார்வையாளருக்கு ஐந்தரை மூட்டை கோதுமை, 2 மூட்டை பார்லி. கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு.

அந்தக் கூலி நாள் கணக்கில் தள்ளிப்போனது. பசி தாங்காமல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறி, கோயில்களின் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தமாக வரலாற்றாளர்கள் குறிப்பிடுவது இதைத்தான். அந்தப் பதிவு இத்தாலியின் டூரின் நகர எகிப்திய மியூசியத்தில் இருக்கிறது.

7 ரொட்டி கிளப்பும் சந்தேகம்

'எல்லோருக்கும் ஒரே மாதிரித் துண்டுகள் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் எகிப்தியர்கள் இப்படிப் பின்னம் எழுதினார்கள்' என்று சொல்லிவிட்டால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் அஹ்மோஸின் அடுத்த கணக்கு குறுக்கே நிற்கிறது.

7 ரொட்டி, 10 பேர். 5 ரொட்டியைப் பாதியாக்கி, 2 ரொட்டியை ஐந்தைந்தாக வெட்டினால் வேலை முடிந்தது. ஆளுக்கு 1/2 + 1/5. அஹ்மோஸ் அதை எழுதவில்லை. அவர் எழுதிய விடை 2/3 + 1/30.

இதை வெட்டிப் பாருங்கள். 7 ரொட்டிகளிலிருந்தும் மூன்றில் இரண்டு பங்குத் துண்டுகளை எடுத்தால் 7 பேருக்குத்தான் வரும். மற்ற 3 பேருக்கு, மூன்றில் ஒரு பங்குத் துண்டுகள் இரண்டாகக் கொடுக்க வேண்டும். 'அவருக்கு மட்டும் ஒரே துண்டா?' என்ற பழைய கேள்வி மறுபடியும் வந்துவிடும்!

அஹ்மோஸ் ஏன் அப்படி எழுதினார்? காரணம், அவருடைய பழக்கம். எகிப்திய எழுத்தர்கள் பல கணக்குகளில் முதலில் மூன்றில் இரண்டு பங்கைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு அதைப் பாதியாக்கி மூன்றில் ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். ஆம், மூன்றில் ஒன்றுக்கே மூன்றில் இரண்டு வழியாகத்தான் போவார்கள். கத்தி பிடிப்பவருக்கு எது வசதி என்பது ஒன்று, பேனா பிடிப்பவருக்கு எது பழக்கம் என்பது இன்னொன்று. அஹ்மோஸின் சுருளில் இரண்டுமே இருக்கின்றன.

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'கண்'

எகிப்தியப் பின்னம் என்று தேடினால், 'ஹோரஸின் கண்' படம் ஒன்று கட்டாயம் வரும். கண்ணின் ஆறு பாகங்கள் 1/2, 1/4, 1/8, 1/16, 1/32, 1/64 ஆகிய பின்னங்களைக் குறிக்கின்றன. மொத்தம் 63/64 வரும். குறையும் 1/64 பங்கைத் தோத் கடவுள் மந்திரத்தால் நிரப்புகிறார் என்று கதை போகும்.

இந்த ஆறு பின்னங்களும் உண்மை. தானியம் அளக்கும் 'ஹெகாட்' என்ற அளவையில் எகிப்தியர்கள் அவற்றைப் பயன்படுத்தினார்கள். ஒரு ஹெகாட் ஏறக்குறைய 4.8 லிட்டர். ஆனால் அந்தக் குறிகள் கடவுளின் கண்ணிலிருந்து பிறந்தவை என்பதைப் பின்னாளில் ஆய்வாளர்கள் மறுத்துவிட்டார்கள். அவை தானியக் கணக்கில் தாமாகவே உருவான குறிகள் என்பது அவர்கள் வாதம். அடுத்த முறை ஃபார்வர்டு வந்தால், கொஞ்சம் யோசித்துவிட்டு அனுப்புங்கள்.

எது பெரிது என்று பார்த்ததும் தெரியும்

வீட்டில் பின்னம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 3/4 பெரிதா, 4/5 பெரிதா? எவ்வளவு பெரிது?

நம் முறையில் இரண்டுக்கும் கீழ் எண்ணைப் பொதுவாக்கி, 15/20, 16/20 என்று மாற்றிய பிறகே விடை தெரியும். எகிப்திய முறையில் இப்படி இருக்கும்:

3/4 = 1/2 + 1/4
4/5 = 1/2 + 1/4 + 1/20

பார்த்ததுமே தெரிகிறதல்லவா? நான்கில் மூன்றைவிட ஐந்தில் நான்கு பெரிது. வித்தியாசம் இருபதில் ஒன்று. 4 ரொட்டியை 5 பேருக்கு எப்படிப் பிரிப்பது என்ற விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைகளிடம் சப்பாத்தியைக் கொடுத்தே வெட்டிப் பார்க்கச் சொல்லலாம்.

கம்ப்யூட்டர் காலத்திலும் முடியாத கணக்கு

எகிப்தியர்களோடு இந்தப் பின்னம் முடிந்துபோகவில்லை. 1202-ல் இத்தாலியின் ஃபிபொனாச்சி, எந்தப் பின்னத்தையும் துண்டுகளாக்க ஒரு வழி சொன்னார். முடிந்தவரை பெரிய துண்டை முதலில் எடு, மீதியில் மறுபடியும் பெரிய துண்டை எடு, இப்படியே போ. இந்த வழியில் விடை நிச்சயம் கிடைக்கும். ஆனால் சில நேரம் பயங்கரமாக இருக்கும். 5/121-ஐ இப்படித் துண்டாக்கினால், ஐந்தாவது துண்டின் கீழே 25 இலக்க எண் ஒன்று வந்து நிற்கும். பொறுமையாக யோசித்தால் 1/33 + 1/121 + 1/363 என்று மூன்றே துண்டுகளில் முடித்துவிடலாம். பேராசைப்பட்டால் கணக்கிலும் கஷ்டம்தான்!

மேலே 4/5-ஐ மூன்று துண்டுகளில் எழுதினோம் இல்லையா? 4/6, 4/7, 4/8 என்று எதை எடுத்தாலும் மூன்று துண்டுகளின் கூட்டலாக எழுதிவிட முடியுமா? 1948-ல் பால் எர்டிஷ், எர்ன்ஸ்ட் ஸ்ட்ராஸ் என்ற கணித மேதைகள், 'முடியும்' என்று ஊகித்தார்கள். ஒரே துண்டு இரண்டு முறை வந்தாலும் பரவாயில்லை என்று சலுகையும் உண்டு. கம்ப்யூட்டர்கள் கோடி கோடியாக எண்களைச் சோதித்துவிட்டன. ஒன்றுகூட மாட்டவில்லை. ஆனாலும் 'எல்லா எண்ணுக்கும் இது பொருந்தும்' என்பதற்கு இதுவரை நிரூபணம் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற கேள்வி, உலகின் தலைசிறந்த கணித அறிஞர்களுக்குப் பிடிகொடுக்காமல் நிற்கிறது.

அஹ்மோஸுக்கு இந்தக் கவலை எதுவும் இருந்திருக்காது. அவர் முன்னால் இருந்தவை ரொட்டியும் ஆட்களும். இன்றும் வீட்டில் 3 தோசையை 4 பிள்ளைகளுக்குப் பிரிக்கும் அம்மா, 0.75 என்று கணக்குப் போடுவதில்லை. 2 தோசையைப் பாதியாக்கி, மூன்றாவதை நாலாக்கி, ஆளுக்கு ஓர் அரை, ஒரு கால் என்று தட்டில் வைத்துவிடுகிறார். 1/2 + 1/4. அஹ்மோஸ் பார்த்திருந்தால், 'சரியான விடை' என்று சொல்லியிருப்பார்.